ஆயிரக்கணக்குல சேவ் பண்ணி வச்சிருக்கேன், ஒண்ணு கூட செய்யல: வாசகி கடிதத்துக்கு ஒரு மனநல ஆலோசகரோட பதில்

இந்த தடவை எடுத்துக்கிட்ட கடிதம் கரூர் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி எழுதினது. யாருன்னு அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்கள மாத்தியிருக்கேன். நீளமான கடிதம், அதனால சுருக்கி சொல்றேன்.

வயசு 38. தனியார் ஸ்கூல்ல டீச்சரா இருந்தவங்க, 2020 லாக்டவுன்ல சம்பளத்த பாதியாக்கினப்போ வேலைய விட்டாங்க, அப்புறம் திரும்பப் போகல. பொண்ணு ஒன்பதாவது, பையன் நாலாவது, கூடவே மாமனார் மாமியார். வீட்டுக்காரர் ஒரு டெக்ஸ்டைல் யூனிட்ல சூப்பர்வைசர். லாக்டவுன்ல பொழுது போகாம யூடியூப்ல ஆரி ஒர்க் (கொக்கி ஊசியில போடுற எம்ப்ராய்டரி) வீடியோ பாக்க ஆரம்பிச்சாங்க, அது அப்படியே க்ரோஷே (கொக்கி ஊசியால நூல்ல பின்றது), மாடித்தோட்டம், ரெசின் ஆர்ட் (ஊத்தி இறுக வைக்கிற பிசின்ல செய்ற அலங்காரம்), பழைய சேலையில மிதியடி, பால்கனி அலங்காரம்னு போயிட்டே இருக்கு. படங்கள சேத்து வைக்கிற பின்ட்ரெஸ்ட் ஆப்புல இருபது போர்டுக்கு மேல, இன்ஸ்டால சேவ் பண்ணது எண்ணி மாளாது. ராத்திரி எல்லாரும் படுத்ததும் பத்தரைக்கு ஃபோன எடுத்தா வைக்கும்போது ஒரு மணி, காலையில அஞ்சு மணிக்கு எழுந்துக்கணும். ஆரி ஸ்டாண்ட், ஊசி, சில்க் த்ரெட், சுகர் பீட்ஸ், ஊலன் நூல், கோகோபீட் கட்டி, விதை பாக்கெட், ரெசின் கிட்னு கட்டிலுக்கு அடியில அட்டைப்பெட்டிங்க. சீட்டுப் பணத்துல வாங்கினது, மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு வீட்டுக்காரருக்கு முழுசா தெரியாது. இதுவரைக்கும் செஞ்சு முடிச்சது ஒரே ஒரு க்ரோஷே கோஸ்டர், டம்ளருக்கு அடியில வைக்கிறது.

போன ஆவணியில நாத்தனார் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். பிளவுஸுக்கு ஆரி ஒர்க் நானே போட்டு தரேன்னு இவங்களாவே சொல்லி பட்டுத் துணிய வாங்கி வச்சாங்க, டிசைன் தேடியே ஒரு மாசம் ஓடிடுச்சு, ஊசிய எடுக்கவே இல்ல, கடைசி வாரத்துல துணிய திருப்பிக் கொடுத்துட்டாங்க. விசேஷத்துல நாத்தனார் நாலு பேர் முன்னாடி "எங்க அண்ணி எல்லாத்தையும் ஃபோன்லயே தைச்சு முடிச்சிடுவாங்க"ன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அழுதிருக்காங்க. அழுதுட்டே மறுபடியும் டிசைன் பாத்திருக்காங்க.

அவங்க கேக்குறது இதெல்லாம்: "உனக்கு ஏடிஹெச்டி இருக்கும்மா"ன்னு பொண்ணு சொல்றா (கவனம் ஒரு எடத்துல நிக்காத குறைபாடு), நிஜமா? எல்லா ஆப்பையும் அழிச்சுடவா, பொருளையெல்லாம் வித்துடவா? 12,000 ரூபாய்க்கு ஒரு ஆன்லைன் ஆரி கோர்ஸ் வருது, முடிச்சா ஆர்டரும் தருவாங்களாம், சேரவா? கடைசியா, "இன்னும் கொஞ்சம் கத்துக்கிட்டா தைரியம் வந்துடும்னு நெனச்சேன், நான் வெறும் சோம்பேறிதான் போல".

சகோதரி, வணக்கம். அந்த கடைசி வரியில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா மத்த கேள்விக்கெல்லாம் வேர் அங்கதான் இருக்கு. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து நாலு டிஃபன் பாக்ஸ் கட்டி, மாமனாருக்கு சுகர் மாத்திரைய நேரம் தவறாம கொடுத்து, மகளிர் குழு கணக்கு நோட்ட ஒரு ரூபாய் பிசகாம எழுதுறவங்க நீங்க. இத நீங்களே போற போக்குல எழுதியிருக்கீங்க. இப்படி இருக்கிறவங்கள சோம்பேறின்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், நீங்களே உங்கள சொன்னாலும் சரி.

உங்க கடிதத்த ரெண்டு மூணு தரம் படிச்சப்போ எனக்கு பட்டது என்னன்னா, நாள் முழுக்க உங்கள யாரும் கூப்பிடாத நேரம் அந்த பத்தரை மணிக்கு மேலதான். அந்த நேரத்துக்கு ஃபோன் தோதா இருக்கு, ஏன்னா எந்த நொடியில வேணும்னாலும் கீழ வச்சிடலாம், எதுவும் கெட்டுப்போகாது. ஆரி அப்படி கிடையாதே. துணிய ஸ்டாண்டுல தொய்வில்லாம இழுத்துக் கட்டணும், இடது கை துணிக்கு அடியில நூலப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், மேல இருந்து ஊசி இறங்கி நூல கொக்கியில மாட்டி, ஒரு சின்ன திருப்பு திருப்பி மேல இழுக்கணும், அந்த திருப்பு கொஞ்சம் மாறினா கொக்கி துணியிலேயே மாட்டிக்கும் இல்லன்னா நூல் பிரிஞ்சு வரும். இதுக்கு நடுவுல "அம்மா என் ஜியாமெட்ரி பாக்ஸ் எங்க"ன்னு ஒரு குரல், "ஏம்மா தண்ணி வந்துருச்சா பாரு"ன்னு ஒரு குரல் வந்தா எப்படிங்க நடக்கும்? நீங்க முடிச்ச ஒரே பொருள் க்ரோஷே கோஸ்டர்ங்கிறத கவனிச்சீங்களா? க்ரோஷேல கடைசி கண்ணிய கொஞ்சம் பெருசா இழுத்து விட்டுட்டு எழுந்து போயிடலாம், வந்து விட்ட எடத்துல இருந்து தொடரலாம். உங்க நாளோட அமைப்புக்கு அதுதான் ஒத்து வந்துச்சு, அதனால அது முடிஞ்சுது. உங்க குணத்துல கோளாறு இருந்திருந்தா அதுவும் முடிஞ்சிருக்காது.

பாத்தா கை வந்துடுமா

நீங்க ரொம்ப நம்பிக்கையா வச்சிருக்கிற ஒரு கணக்கு, இன்னும் கொஞ்சம் பாத்தா தைரியம் வந்துடும்ங்கிறது. இது தப்புக் கணக்குன்னு கொஞ்சம் அழுத்தியே சொல்லணும். 2018ல மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'ப்ரையன்னு சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் இதையே சோதிச்சு பாத்தாங்க. பலகையில குறி பாத்து டார்ட் எறியறது, மேஜை மேல இருக்கிற தட்டு டம்ளர் விழாம துணிய மட்டும் உருவுறது மாதிரி வித்தைங்கள சிலருக்கு ஒரு தடவ, சிலருக்கு 20 தடவ வீடியோல காட்டினாங்க. நிறைய தடவ பாத்தவங்களுக்கு நம்மளால முடியும்ங்கிற நம்பிக்கை நல்லா ஏறியிருந்துச்சு. டார்ட் மாதிரி சிலத நிஜமா செய்யச் சொன்னா, ஒரு தடவ பாத்தவங்கள விட அவங்க ஒண்ணும் ஒசத்தியா செய்யல. இன்னொண்ணும் பாத்தாங்க: கட்டைய தூக்கிப் போட்டுப் பிடிக்கிற வித்தைய வீடியோல பாத்தவங்க கையில அந்தக் கட்டைய கொஞ்ச நேரம் சும்மா பிடிக்கக் கொடுத்தாங்க, அப்பவே அந்த ஏறின நம்பிக்கை இறங்கிடுச்சு. எடை, பிடி, வழுக்கல் எல்லாம் கைக்குத்தான் தெரியும், கண்ணுக்கு தெரியாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு நம்ம ஊர்ல சொல்றது இதைத்தான். ஆனா உங்க விஷயத்துல இன்னொரு படியும் இருக்கு. வருஷக்கணக்கா அழகழகான வேலைங்கள பாத்துப் பாத்து உங்க ரசனை ரொம்ப மேல போயிடுச்சு. எது நேர்த்தி எது சுமார்னு ஒரு பார்வையில உங்களுக்கு தெரியும். கை மட்டும் முதல் நாள்லயே நிக்குது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் பட்டுத் துணி முன்னாடி உக்காந்தப்போ உங்கள பயமுறுத்தினது, முதல் தையல் போட்ட உடனே அது அசிங்கமா இருக்கும்னு உங்க கண்ணுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுடுச்சு. அந்த பயம் வர்றப்போ ஃபோன எடுத்து இன்னொரு டிசைன் பாத்தா ஒரு நிம்மதி, ஏதோ வேலைக்குத் தயாராகுற மாதிரி ஒரு உணர்வு. ஆனா ஒவ்வொரு டிசைனும் ரசனைய இன்னும் ஒரு படி மேல தூக்கி வச்சிட்டு போகுது, தூரம் கூடிக்கிட்டே போகுது. அந்த வீடியோங்களும் ஒரு நிமிஷத்துல பிளவுஸ முடிச்சு காட்டுது. கழுத்துக்கும் கைக்கும் நிறைச்சு போடுற கல்யாண பிளவுஸ் ஒண்ணுக்கு கை பழகினவங்களே நாள் கணக்குல உக்காருறாங்க. அவங்க பிரிச்சு எடுத்த நூலையும், பாழான துணியையும் யாரும் வீடியோ எடுத்து போடுறதில்ல.

தப்பெல்லாம் உங்க மனவுறுதி மேலன்னும் எடுத்துக்காதீங்க. முன்னெல்லாம் வெப்சைட்ல ஒரு பக்கம் முடிஞ்சா அடுத்த பக்கத்துக்கு அமுக்கணும், அந்த எடத்துல போதும்னு எழுந்துக்கலாம். முடிவே இல்லாம கீழ ஓடிட்டே இருக்கிற அமைப்ப 2006ல உருவாக்கினவர் ஏசா ரஸ்கின், அதனால என்ன ஆச்சுன்னு பாத்துட்டு அவரே பின்னாடி வெளிப்படையா வருத்தப்பட்டிருக்கார். 2010ல வந்த பின்ட்ரெஸ்ட்லயும் ஒரு படத்த தொட்டா அதே சாயல்ல இன்னும் நூறு வரும், கீழ போகப் போக அடி வராது. அப்படி ஒரு எடத்துல, நாள் முழுக்க உழைச்சு அசந்துபோன மனுஷி ராத்திரி பதினொன்றரைக்கு போதும்னு தானா நிறுத்தணும்னா அது லேசு கிடையாது.

பொண்ணு சொன்ன ஏடிஹெச்டி

கடிதத்த வச்சு நான் நோய்க்கு பேர் வைக்க மாட்டேன், யாரும் வைக்கக் கூடாது. ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. ஏடிஹெச்டின்னு டாக்டர் முடிவு பண்ணணும்னா அதோட பல அறிகுறிங்க 12 வயசுக்கு முன்னாடியே இருந்திருக்கணும், வீடு, படிப்பு, வேலைன்னு ஒரு எடத்துக்கு மேல தெரியணும், வாழ்க்கைய நிஜமாவே பாதிச்சிருக்கணும். நீங்க சொல்றது 2020க்கு அப்புறம் வந்தது. ரெண்டாவது, ஒரு மணிக்கு படுத்து அஞ்சு மணிக்கு எழுந்தா நாலு மணி நேரத் தூக்கம். பெரியவங்களுக்கு 7 மணி நேரமாவது வேணும். தூக்கம் இப்படி குறைஞ்சா கவனம் சிதறும், மறதி வரும், எடுத்த வேலைய முடிக்க முடியாது, எரிச்சல் வரும், அதாவது ரீல்ஸ்ல ஏடிஹெச்டின்னு காட்டுற பாதி விஷயம் தூக்கம் கெட்டவங்களுக்கும் அப்படியே பொருந்தும். முதல்ல தூக்கத்த சரி பண்ணுங்க, ஒன்றரை மாசம் போல பாருங்க, அதுக்கப்புறமும் அப்படியே இருந்தா, சின்ன வயசுலயும் இப்படித்தான் இருந்தேன்னு உங்களுக்கே தோணினா, நேர்ல ஒரு மனநல மருத்துவர பாருங்க. பொண்ணு மேல கோவப்படாதீங்க, அவ உங்கள கவனிச்சிருக்கா, அதுவே பெருசு.

இது அடிக்‌ஷனான்னும் ஒரு எடத்துல கேட்டிருந்தீங்க. 2022ல நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல கேமிங் டிஸார்டர் (வீடியோ கேம விட முடியாத நோய்) இருக்கு, படம் பாத்து சேவ் பண்றதுக்கு அப்படி தனியா ஒரு நோய்ப் பேர் கிடையாது. அதனால பேர விட்டுட்டு பாதிப்ப பாருங்க: தூக்கம், பணம், வாக்கு கொடுத்து தவறினது, வீட்டுக்காரர் கிட்ட மறைக்கிறது. இந்த நாலும் நிஜம், இத சரி பண்ணணும்.

ஆனா எனக்கு இதையெல்லாம் விட கவலை கொடுத்தது, "சில நாள் எதுலயும் ருசியே இல்ல, டிசைன் பாக்குறதும் பிடிச்சு பாக்கல, சும்மா பாக்குறேன்"ன்னு நீங்க எழுதின வரி. வேலைய விட்டது உங்களுக்கு சின்ன இழப்பு இல்லன்னு தோணுது, முப்பது பிள்ளைங்க மிஸ் மிஸ்னு சுத்தி வந்த எடத்துல இருந்து வந்திருக்கீங்க, அத பத்தி கடிதத்துல ஒரே ஒரு வரிதான் இருக்கு. இந்த ருசியில்லாத மனநிலை ரெண்டு வாரத்துக்கு மேல அனேகமா தினமும் இருந்தா, அழுகை அடிக்கடி வந்தா, வாழ்ந்து என்னங்கிற மாதிரி நினைப்பு ஒரு தரம் எட்டிப் பாத்தாலும், டெலிமானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் 14416க்கு கூப்பிடுங்க. இலவசம், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம்.

ஆப்ப அழிக்கிறது, பொருள விக்கிறது

ரெண்டையும் இப்போதைக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். அவமானப்பட்ட சூட்டுல அழிச்சா பத்து நாள்ல திரும்ப வந்துடும், அப்போ இதுலயும் தோத்துட்டேன்னு இன்னொரு பழி உங்க மேலயே விழும். அழகான வேலைய பாத்து ரசிக்கிறது ஒரு சந்தோஷம், அதுக்கு நீங்க யாருக்கும் கணக்கு சொல்ல வேண்டியதில்ல. அத சீரியல் பாக்குற மாதிரி பொழுதுபோக்குன்னு ஒத்துக்கிட்டு, ஒரு அரை மணி நேரம் வச்சுக்கோங்க, கத்துக்கிறேன்ங்கிற பேர்ல மட்டும் வேண்டாம். ஃபோன் சார்ஜர படுக்கையறையில இருந்து ஹாலுக்கு மாத்துங்க, முதல் படியா பதினொண்ணுக்கு ஃபோன் அங்க போகட்டும், ஏழு மணி நேரத் தூக்கம் வர்ற வரைக்கும் அத கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி தள்ளுங்க, எழுப்பறதுக்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும்.

டிசைன் தேடறதா இருந்தா ஆப்ப திறக்குறதுக்கு முன்னாடியே என்ன வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. கழுத்து மட்டும், ஒரு கலர், செயின் ஸ்டிச் (சங்கிலித் தையல்) மட்டும், அப்படின்னு. 2000ல ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர்னு ரெண்டு பேர் ஒரு கடையில 24 வகை ஜாம் வச்சப்போ நின்னு பாத்தவங்கள்ல நூத்துக்கு 3 பேர்தான் வாங்கினாங்க, 6 வகை வச்சப்போ 30 பேர் வாங்கினாங்க. இத எல்லாரும் சொல்வாங்க, ஆனா பின்னாடி நிறைய சோதனைங்கள சேத்து பாத்தப்போ எல்லா எடத்துலயும் அப்படி நடக்கலன்னும் தெரிஞ்சுது. தனக்கு என்ன வேணும்னு தெரியாம போறவங்களதான் கூட்டம் கூட்டமா இருக்கிற சாய்ஸ் அதிகமா குழப்புது. நீங்க அந்த பட்டு பிளவுஸுக்கு எதுவும் முடிவு பண்ணாமலே தேட இறங்கினீங்க, ஒரு மாசம் போனது அதனாலதான்.

பெட்டிங்கள வெளிய எடுத்து பிரிங்க. நூலு, பீட்ஸ், ஊசி எல்லாம் கெடாது, இருக்கட்டும். விதைய பாக்கெட் தேதி பாத்து கழிங்க, வெங்காய விதையெல்லாம் ஒரு வருஷம் தாண்டினாலே முளைக்கிறது நல்லா குறைஞ்சுடும், மாடித்தோட்டம் வேணும்னா அடுத்த ஆடிப்பட்டத்துக்கு புதுசா ரெண்டு பாக்கெட் வாங்கிக்கலாம். ரெசினும் ஹார்டனரும் நாள்பட்டா மஞ்சளாயிடும், கையுறை இல்லாம தொடக்கூடாது, காத்தோட்டம் இல்லாத ரூம்ல திறக்கவே கூடாது, பசங்க படுக்குற கட்டிலுக்கு அடியில அது இருக்குறது எனக்கு பிடிக்கல. அத மட்டும் வீட்ட விட்டு அனுப்பிடுங்க, சாக்கடையில மட்டும் ஊத்தாதீங்க.

அந்த 12,000 ரூபாய் கோர்ஸ்

சேராதீங்க. முடிச்சா ஆர்டர் நாங்களே தருவோம்ங்கிற பேச்சு வந்தாலே ஜாக்கிரதையா இருக்கணும், ஆர்டருக்கு டெபாசிட் கட்டுங்க, மெட்டீரியலுக்கு அட்வான்ஸ் கட்டுங்கன்னு அடுத்தடுத்து பணம் கேக்குற மோசடி நிறைய நடக்குது. எல்லா கோர்ஸும் மோசடின்னு சொல்லல. யார்கிட்ட சேர்ந்தாலும் பணம் திரும்பக் கிடைக்குமா, எப்போன்னு எழுத்துல வாங்குங்க, பில் கேளுங்க. பொய்யான விளம்பரத்த நம்பி ஏமாந்தா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல உங்களுக்கு வழி இருக்கு, 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ல சொல்லலாம். ஆன்லைன்ல பணம் கட்டி மோசடின்னு தெரிஞ்சா அன்னைக்கே 1930ங்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு கூப்பிடணும், நேரம் ஆக ஆக பணத்த மீட்கிறது கஷ்டம். மாவட்டங்கள்ல வங்கிங்க நடத்துற கிராமப்புற சுயவேலைவாய்ப்பு பயிற்சி மையம் இருக்கு, அங்க பயிற்சி இலவசம், ஆரி வகுப்பு எப்போ வருது, நீங்க சேர முடியுமான்னு கேட்டுப் பாருங்க. பக்கத்து தெருவுல டெய்லர் அக்கா யாராவது சொல்லிக் கொடுத்தா அது இன்னும் நல்லது, ஏன்னா ஊசிய எப்படி பிடிச்சிருக்கீங்கன்னு அவங்க உங்க கைய பாப்பாங்க.

இப்போ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பகல்ல துண்டு துண்டா கிடைக்கிற நேரத்துக்கு க்ரோஷேய ஒரு கூடையில போட்டு ஹால்ல வச்சிருங்க. ஆரிக்கு வாரத்துல ஒரு மணி நேரம் போதும், ஆனா அந்த மணி உங்களோடதுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியணும். பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியலாளர் 1999ல எழுதின ஒரு விஷயம் இங்க உதவும்: செய்யணும்னு நினைக்கிறத விட, எப்போ, எங்க, எதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சவங்க அதிகமா செஞ்சு முடிக்கிறாங்க. அதனால, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் டீ டம்ளர கழுவி வச்சதும், ஜன்னல் பக்கம், காடா துணியில செயின் ஸ்டிச், நேர்கோடு. ஃபோன் பக்கத்துல வேண்டாம். கோணலா வரும். வரட்டும், அந்த துணிய பிரிக்காம தூக்கிப் போடாம தேதி எழுதி வச்சுக்கோங்க. பட்டு, பீட்ஸ், ஜர்தோசி எல்லாம் கோடு நேரா வந்ததுக்கு அப்புறம். அதுவரைக்கும் புதுசா எந்தப் பொருளும் வாங்க வேண்டாம், யாருக்கும் செஞ்சு தரேன்னு சொல்லவும் வேண்டாம்.

அந்த ஒரு மணி நேரத்த வீட்டுக்காரர் கிட்டதான் கேக்கணும். கேக்குறப்பவே செலவையும் சொல்லிடுங்க. அது உங்க சீட்டுப் பணம், செலவு பண்ண உங்களுக்கு உரிமை இருக்கு, ஆனா மறைச்சதுதான் உங்கள ராத்திரி அரிக்குது. பெட்டிய அவர் முன்னாடியே பிரிச்சு, "இவ்வளவு வாங்கிட்டேங்க, பயத்துல ஒண்ணும் ஆரம்பிக்கல, இனிமே வாங்க மாட்டேன், ஞாயித்துக்கிழமை நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் பசங்களையும் அப்பா அம்மாவையும் நீங்க பாத்துக்கோங்க"ன்னு நேரா சொல்லுங்க. பொட்டிய தெருவுல வச்சிடுவேன்னு அவர் சொன்னதா எழுதியிருக்கீங்க, அந்த கோவம் இன்னும் எவ்வளவு வருமோன்னு தெரியாத கோவமா இருக்கலாம், கணக்கு தெரிஞ்சா கொஞ்சம் அடங்கும். அடங்காம கைநீட்டுறது, பொருள உடைக்கிறதுன்னு போனா அது வேற விஷயம், அப்போ 181 பெண்கள் உதவி எண்ணுக்கு கூப்பிடுங்க, எனக்கும் எழுதுங்க.

நாத்தனாருக்கு இப்போ ஒண்ணும் நிரூபிக்க வேண்டாம். அவங்க நாலு பேர் முன்னாடி அப்படி சொன்னது தப்பு, ஆனா கடைசி நேரத்துல துணிய கையில வாங்கிட்டு அலைஞ்சதும் அவங்கதான். ஒரு நாள் தனியா ஃபோன் பண்ணி, "அன்னைக்கு உங்கள அலைய விட்டுட்டேன், அது என் தப்பு, ஆனா எல்லார் முன்னாடியும் அப்படி சொன்னது எனக்கு வலிச்சுது"ன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிடுங்க. பதிலுக்கு அவங்க என்ன சொன்னாலும் அதுக்கு மேல வளர்க்காம வச்சிடுங்க.